சும்மா துண்டு

காரத்தில் போட்டது பதினொன்று பத்துக்கு. ஆறு மணி நேரம் ஊற வேண்டும். அப்படியானால் எடுக்க வேண்டியது ஐந்து பத்துக்கு. இந்தக் கணக்கை உலகம்மாள் நாலாவது தடவையாகப் போட்டுப் பார்க்கிறாள். பிளாஸ்மா இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கி இருபத்திரண்டு வருஷமாகிறது, பதினொன்றோடு ஆறைக் கூட்டத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் சனிக்கிழமை மத்தியானம், ஈ காக்காய் இல்லாத பல்கலைக்கழகத்தில், கடைசிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிற மனுஷிக்குக் கடிகாரத்தை விட்டால் வேறு யார் துணை? எதிரே வெந்நீர்த் தொட்டி, எழுபது டிகிரி. தொட்டிக்குள் பீக்கர், பீக்கருக்குள் காஸ்டிக் சோடா, அதற்குள் நூலில் தொங்குகிற ஒன்பது பிளாஸ்டிக் துண்டுகள். ஒவ்வொன்றும் தபால்தலை அளவு. மூக்குக் கண்ணாடி செய்கிற அதே பிளாஸ்டிக்தான். காலையில் அவள் மின்சாரம் பாய்ச்சிய வாயுவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் பறந்து வந்து இந்தத் துண்டுகளில் குத்தியிருக்கும். குத்திய இடம் இப்போது தெரியாது. காரம் அரிக்க அரிக்க, அடிபட்ட இடம் மட்டும் மற்ற இடத்தைவிடச் சீக்கிரம் கரைந்து குழி விழும். ஆறு மணி நேரம் கழித்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் அம்மைத் தழும்பு மாதிரி வட்ட வட்டமாக நிற்கும். ஒரு குழி என்றால் ஒரு துகள். எண்ண வேண்டியதுதான் பாக்கி. அடி வாங்கின அன்றைக்கு ஒன்றும் தெரிவதில்லை, பிற்பாடு ஊறும்போதுதான் எங்கே பட்டது என்று தெரிகிறது. மனுஷனுக்கும் அப்படித்தானோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை உடனே விரட்டினாள். இந்த மாதிரி நினைப்புகளுக்கு இடம் கொடுத்தால் ஐந்து பத்து வருவதற்குள் ஆள் தேறாது.

எர்த் பண்ணினோமா? பண்ணினோம். காலையில் கடைசி வெடி முடிந்ததும் தாமிரக் கம்பியை எடுத்து கெபாசிட்டர் தலையில் மாட்டியது கைக்கு ஞாபகம் இருக்கிறது. அது இன்றைக்கு மாட்டியதா, போன வாரம் மாட்டியதா என்பதுதான் கைக்குத் தெரியவில்லை. எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். கம்பி வலைக் கூண்டுக்குள் டிரங்குப் பெட்டி உயரத்துக்கு நாலு கெபாசிட்டர்கள், சாதுவாக, பச்சை பெயின்ட் அடித்துக்கொண்டு. தலையில் தாமிரக் கம்பி மாட்டியிருந்தது. சரி. மறந்திருந்தால் மிச்சமிருக்கிற மின்சாரம் தொட்டவளைத் தூக்கி அடிக்கும். அடித்தால் இங்கேயே கிடக்க வேண்டியதுதான், திங்கட்கிழமை காலையில் பொன்னுத்தாய் கூட்ட வரும் வரைக்கும். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மணி ஒன்று ஐந்து. தனியாக இருக்கும்போது வெடி போடக் கூடாது, எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது சுவரில் அவளே எழுதி ஒட்டிய விதி. அதற்காகத்தான் காலையில் துப்புரவு வேலைக்கு வந்த பொன்னுத்தாயைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தாள். "நான் என்னம்மா செய்யணும்?" "ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாப் போதும். நான் விழுந்தா மட்டும் அந்தச் சிவப்பு சுவிட்சை அடிச்சுட்டு ஆளைக் கூப்பிடுங்க." "எம்மா! விழுற மாதிரி சோலியா இது?" என்று கேட்டுவிட்டு பொன்னுத்தாய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள், இருபது வெடி முடிகிற வரைக்கும் கையை எடுக்கவே இல்லை. வெடி என்பது இந்த அறையில் புழங்குகிற பேர். இருபதாயிரம் வோல்ட் ஒரே மூச்சில் வாயுவுக்குள் இறங்கும், வாயு அடைத்த சேம்பரின் சன்னலில் ஊதா வெளிச்சம் ஒன்று பளிச்சென்று வந்து போகும், அறையே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான், கண்ணிமைக்கிற நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்கு. அதற்கு முன்னால் மூணு, ரெண்டு, ஒண்ணு என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷம் அதை ஞானதுரை சொன்னார், அவள் பொத்தானை அழுத்தினாள். இன்றைக்கு அவளே சொல்லி அவளே அழுத்தினாள். தன் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தபோது யாரோ தெரியாத கிழவி பேசுவது போலிருந்தது.

ஞானதுரை டெக்னிக்கல் ஆபீசர். நாகர்கோவில் பக்கத்துக்காரர். அந்த நாலு கெபாசிட்டர்களையும் தன் கையால் இணைத்து எழுப்பியவர். வேக்குவம் பம்ப் மக்கர் பண்ணினால் அதன் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இவளுக்கு எண்ணெய் வேணுமாம் மேடம்" என்பார். உலகம்மாளிடம் வேலையைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அவரும் வேறு பேச மாட்டார். ஆனாலும் ஒரு சுவருக்குப் பின்னால் தோளோடு தோள் நின்று ஒரே சத்தத்துக்கு இரண்டு பேரும் கண்ணை மூடுவது ஒரு பேச்சுதானே. பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை! சேம்பருக்குள் அரைவட்டமாக எட்டுத் துண்டுகள் வைப்பார்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஊசியால் எண் கீறுவது உலகம்மாளின் வேலை. பத்துத் துண்டு வைத்துக்கொண்டிருந்த ஆரம்ப காலத்தில் 6-ஐத் தலைகீழாகப் பிடித்து 9 என்று எண்ணியதில் ஒரு மாத உழைப்பு பாழாய்ப் போனது. அன்றைக்கு அவள் தமிழ் எண்ணுக்கு மாறினாள். அப்பா பத்திர எழுத்தர். பழைய பத்திரத்து எண்ணெல்லாம் அவளுக்குப் பத்து வயதிலேயே அத்துப்படி. ஒன்றுக்குக் க, ஏழுக்கு எ, எட்டுக்கு அ என்று எழுத்தாகவே இருக்கும், எப்படித் திருப்பிப் பிடித்தாலும் ஏமாற்றாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடம் காட்டி, "எங்கள் முறை" என்று சொல்லியிருக்கிறாள். ஒன்பதாவது துண்டு மட்டும் சேம்பருக்குள் போகாது. அலமாரியிலேயே இருந்துவிட்டு, கடைசியில் மற்ற எட்டோடு சேர்ந்து காரத்தில் இறங்கும். மண், சுவர், காற்று எல்லாவற்றிலிருந்தும் எந்நேரமும் நாலு துகள் வந்துகொண்டுதான் இருக்கும். அது எவ்வளவு என்று தெரிந்தால்தானே வெடியிலிருந்து வந்தது எவ்வளவு என்று சொல்ல முடியும்? புத்தகத்தில் அதற்குப் பெரிய பெயர் இருக்கிறது. ஞானதுரை வைத்த பெயர் சும்மா. "எட்டு பேரும் அடி வாங்குதான் மேடம். இவன் ஒருத்தன் சும்மா இருக்கான்." அன்றிலிருந்து அது சும்மா துண்டு. எட்டை அவள் எண்ணுவாள், சும்மாவை அவர் எண்ணுவார். ஒருவர் எண்ணுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. ஆசை கண்ணை மறைத்துவிடக் கூடாதே என்று அவள் போட்ட சட்டம் அது. சட்டம் போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

வெடிக்கு நேர் எதிரே இருக்கிற துண்டில்தான் குழி நிறைய விழ வேண்டும், பக்கவாட்டில் ஆறாம் இடத்தில் பேருக்கு நாலு விழுந்தால் அதிகம். எல்லோரும் கண்டது அதுதான். இவர்களுடைய வெடியில் மட்டும் ஆறாம் துண்டில் இருநூறுக்குக் குறையவில்லை. பதின்மூன்று தடவை பார்த்தார்கள், பதின்மூன்று தடவையும் அப்படித்தான். அவள் ஆயுசுக்குச் சேர்த்து வைத்த சொத்து அந்த ஆறாம் துண்டு. பதினாலாவது தடவை எல்லாம் கவிழ்ந்தது. ஆறில் பதினொன்று. சும்மாவில் இருநூற்றுப் பன்னிரண்டு. சும்மாவிலேயே அவ்வளவு என்றால், இத்தனை நாளும் எண்ணியது வெடியை இல்லை, அலமாரியை. அன்றைக்கு வராந்தாவில், நாலு பேர் பார்க்க, ஞானதுரையை... இந்த இடத்துக்கு வந்தால் உலகம்மாளின் மனசு எப்போதும் வேறு பக்கம் பாயும்; பைப்பில் தண்ணீர் சொட்டுகிறதா, எர்த் கம்பி இருக்கிறதா என்று. இன்றைக்குப் பாய்ந்து தப்ப வழியில்லை. "அலமாரிச் சாவி உங்ககிட்டதானே இருந்தது? அந்தத் துண்டை நாலு நாளா எங்கே போட்டு வச்சிருந்தீங்க?" "வச்ச எடத்துலதான் மேடம் இருந்தது." "அப்புறம் எப்படி இருநூறு?" "எண்ணினேன், எழுதினேன். இருக்கத இல்லேன்னு எழுத எனக்குத் தெரியாது." அதற்கு அவள் சொன்னாள்: "எண்ணவே செய்யாம எழுதியிருந்தா?" அந்த ஒரு வாக்கியம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், அவளுக்கு ஆத்திரம் அடங்கிய பிறகும் புத்தி வரவில்லை. மறுநாள் உட்கார்ந்து, 'சும்மா துண்டைக் கையாண்டதில் அலட்சியம்' என்பதை முறையான வார்த்தைகளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் துறைக்குக் கொடுத்தாள். ஒரு மாதத்தில் ஞானதுரை ஊர்ப்பக்கம் ஒரு கல்லூரிப் பட்டறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். கடைசி நாள் அலமாரிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, "வரேன் மேடம்" என்றார். நம் பாஷையில் போகிறவர்களும் வரேன் என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு வருஷமாயிற்று, வரவில்லை.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டுத் திடுக்கிட்டாள். பொன்னுத்தாய். மணி இரண்டரை. கையில் ஒரு சம்படம். "என்ன விஷயம்?" என்று உலகம்மாள் கேட்டாள். யார் வந்தாலும், யார் போன் பண்ணினாலும் அவள் வாயில் முதலில் வருகிறது அந்தக் கேள்விதான். "விசயம் இருந்தாத்தான் வரணுமாக்கும்? சும்மாதான் எட்டிப் பாத்தேன். விழாம இருக்கீகளான்னு." சம்படத்தில் எலுமிச்சைச் சாதம். "சாப்பிட்டாச்சு" என்று உலகம்மாள் பொய் சொன்னாள். பொன்னுத்தாய் அதை நம்பாமல் மேசையில் வைத்தாள். "தொர சார் இருந்தா இந்நேரம் மிசினுகூட ஒரு பாட்டம் பேசி முடிச்சிருப்பாரு. நல்ல மனுசன். எம்மவ கல்யாணத்துக்கு நாரோயில்லருந்து வந்துட்டுப் போனாருல்லா?" "எப்போ?" "இந்தத் தையிலதான். உங்களையும் கூப்பிட்டிருந்தேனே, நீங்கதான் வேலைன்னுட்டீக. 'மேடம் எப்படி இருக்காங்க'ன்னு கேட்டாரு." "நீங்க என்ன சொன்னீங்க?" "என்னத்தச் சொல்ல? இருக்காகன்னு சொன்னேன்." அதற்குள் பொன்னுத்தாயின் போன் அடித்தது. கல்யாணமாகிப் போன மகள். "என்னளா? ... சும்மாத்தானா? சரி, சும்மா பேசு" என்றபடியே அவள் வராந்தாவில் நடந்து போனாள். அந்தச் சிரிப்புச் சத்தம் கட்டடத்தின் மூலை திரும்புகிற வரைக்கும் கேட்டது. பிறகு ஆடிக் காற்று மட்டும்.

இருக்காக. வேறென்ன சொல்ல முடியும், அதுதானே நிஜம். உலகம்மாள் தன் போனை எடுத்துப் பார்த்தாள். கடைசியாகப் பேசியது காஸ் ஏஜென்ஸி. அதற்கு முன்னால் தென்காசியிலிருந்து தங்கை, அப்பாவின் திவசத் தேதி கேட்டு. சும்மா என்று ஒருத்தரையும் அவள் கூப்பிட்டதில்லை, ஐம்பது வருஷத்தில் ஒரு தடவைகூட. கூப்பிட்டு விஷயம் என்னவென்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்ற பயம். எலுமிச்சைச் சாதத்தைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டாள், உப்புக் கொஞ்சம் தூக்கல், மூடி வைத்தாள். மூன்றே கால். திங்கட்கிழமை துறைத் தலைவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்: ஆறாம் துண்டு நிஜமா, பொய்யா. பொய்யென்றால் அதைப் பற்றி வெளியிட்ட கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அறையைக் காலி செய்ய வேண்டும். அதற்காகத்தான் பதினாலாவது தடவையை இன்றைக்கு ஒரு பிசகு இல்லாமல் திருப்பிச் செய்கிறாள். ஞானதுரையின் நோட்டை எடுத்து, அவர் செய்தபடியே. அதில் ஒரு வரி: 'மேடம் ஏசியதால் இனிமேல் சும்மாவுக்கும் அடையாளம். சு என்று கீறியாச்சு.' ஏசினாள்தான். அதற்கு முந்தின தடவை பேரில்லாத அந்தத் துண்டு கழிவோடு சேர்ந்து குப்பைக்குப் போகப் பார்த்தது. எதையாவது கீறித் தொலைக்கக் கூடாதா என்று கத்தினாள். அதனால் இந்தத் தடவை அவளும் நேற்றைக்கு எட்டு எண்களைக் கீறி வைத்துவிட்டு, இன்றைக்குக் காலையில் ஒன்பதாவதில் அவர் மாதிரியே சு என்று கீறினாள். கீறும்போது அவர் இடத்தில் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. சும்மாவில் இன்றைக்கும் குழி நிறைய இருந்தால் துரை சொன்னது சரி. பன்னிரண்டு வருஷ உழைப்பு குப்பை, அதற்கு மேல் ஒரு நல்ல மனுஷனைத் திருடன் மாதிரி துரத்திய பாவம். சும்மா சுத்தமாக இருந்தால் ஆறாம் துண்டு நிஜம், அறை அவளுக்கு, பேர் அவளுக்கு. துரை எண்ணாமல் எழுதியவர். ஜெயித்தால் அவர் பொய்யர், தோற்றால் இவள் பாவி. இரண்டில் எது வேண்டும்? பிள்ளையாருக்கு வேண்டிக்கொள்ளலாம் என்றால், என்னவென்று சொல்லி வேண்டிக்கொள்வது? தனக்கு எது வேண்டும் என்று தனக்கே தெரியாமல் ஒரு பொம்பிளை இருப்பாளா என்று தன்னையே ஏசிக்கொண்டாள். ஆனால் சும்மா சுத்தமாக இருந்துவிடுமோ என்பதில்தான் பயம் அதிகமாக இருந்தது. அதைக் கவனித்ததும் இன்னும் பயமாகிவிட்டது. எர்த் பண்ணினோமா? எழுந்து போய்ப் பார்த்தாள். கம்பி மாட்டியிருந்தது. நாலரை. நாலு முப்பத்தைந்து.

ஐந்து பத்துக்குக் கையுறை போட்டுக்கொண்டு துண்டுகளை நூலிலிருந்து கழற்றி, ஒன்பதையும் ஒரே பீக்கரில் போட்டு அலசினாள். எப்போதும் அப்படித்தான், மூலையில் பேர் இருக்கிற தைரியம். வடிதாளில் வரிசையாகப் பரப்பினாள். காரம் கீறலையும் சேர்த்து அரித்திருந்ததால் எழுத்தெல்லாம் தடித்துத் தெளிவாக இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ஆறு. ஏழு, எட்டு. மொத்தம் ஒன்பது. சும்மாவைக் காணோம். பீக்கருக்குள் பார்த்தாள், இல்லை. தொட்டிக்குள் இடுக்கியை விட்டுத் துழாவினாள், கழுவும் தொட்டியின் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள், முட்டி போட்டு மேசைக்கடியில் தேடினாள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பது இதுதான். மொத்தம் ஒன்பது என்று எண்ணிவிட்டுப் பத்தாவதைத் தேடிக்கொண்டிருக்கிறாள்! தரையில் முட்டி போட்டபடியே அது உறைத்தது. மெல்ல எழுந்தாள். இரண்டு ஆறுகள். பக்கத்தில் பக்கத்தில். சு. சு. பழைய பத்திரத்து எண்ணில் ஆறும் சு-தான். நேற்றுக் கீறியது அந்த ஆறு, இன்று கீறியது சும்மாவின் சு. ச-வில் ஒரு கால் இழுத்துச் சுழித்தால் அதுவும் அதுதான், இதுவும் அதுதான். இரண்டையும் கீறியவள் அவளே, எது எது என்று அவளுக்கே தெரியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள். அன்றைக்கும் இப்படித்தான் ஒன்பதையும் ஒன்றாக அலசினார்கள். துரை முதலில் வந்து ஒரு சு-வை எடுத்துக்கொண்டு போனார். மிச்சமிருந்த சு-வை அவள் ஆறு என்று எடுத்தாள். இரண்டும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று சட்டம். அலமாரியைத் திறந்து பதினாலாவது பெட்டியை எடுத்தாள். இரண்டு வருஷமாகக் கோபத்தில் திறக்காத கவர்கள். 'ஆறு' என்று அவள் எழுதியிருந்த கவரைப் பிரித்து, லென்ஸை வைத்துப் பார்த்தாள். கால் கோணலாக, சுழி பெரிதாக, மீன் தூண்டில் மாதிரி ஒரு சு. துரையின் கை. 'சும்மா' என்று அவர் எழுதியிருந்த கவருக்குள் இருந்தது அப்பாவிடம் கற்றுக்கொண்ட, நெருக்கமான, சிக்கனமான ஆறு. அவளுடைய கை. தலைகீழாகப் பிடித்தாலும் ஏமாற்றாத எண். உலகம்மாள் அழுதாள். இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, யாரும் இல்லாத தைரியத்தில் சத்தமாகவே அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தாள். நம்பர் இன்னும் இருந்தது. ஐந்தாவது மணியில் எடுத்தார். "மேடம்?" பின்னால் ஒரு மிக்ஸி ஓடி நின்றது. "சொல்லுங்க மேடம். என்ன விஷயம்?" அவளுடைய கேள்வி. விஷயம் மலை மாதிரி இருந்தது, எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது என்றுதான் தெரியவில்லை. "சும்மாதான்" என்றாள்.

அவர் அடுத்துக் கேட்பதற்குள், "பேனா இருக்கா பக்கத்துல?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"சும்மாவுக்கு ஒரு அடையாளம் கீறினீங்களே, அதை எழுதுங்க. எழுதிட்டீங்களா? பக்கத்துலயே தமிழ்ல ஆறு எழுதுங்க. நான் சொல்லிக் கொடுத்தது."

காகிதத்தில் பேனா ஓடுகிற சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது. "மாதாவே" என்றார் ஞானதுரை. அடுத்து அவர் கேட்டதில் பழைய குரல் இருந்தது, பம்ப்பில் காதை வைத்துக் கேட்கிற குரல்: "அப்போ ஆறுல இருநூத்திப் பன்னெண்டா மேடம்?"

"ஆமா. உங்க சும்மாவுலதான் பதினொண்ணு. இப்பதான் கவரைப் பிரிச்சுக் கையெழுத்தைப் பாத்தேன்."

"நம்ம ஆறு நிசந்தான் அப்போ." தணிந்த குரலில், "நான் எண்ணினேன் மேடம்" என்றார்.

"எண்ணினீங்க. நான்தான் சொல்லக் கூடாததைச் சொல்லிட்டேன். அது என் தப்பு, துரை. திங்கக்கிழமை எழுதிக் கொடுக்கிறேன், என் கையெழுத்தோட. எங்கே அலட்சியம்னு எழுதினேனோ அங்கேயே."

"ரெண்டு வருசம் மேடம்." அவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. "இன்னைக்கு ஊறப் போட்டதுல எது ஆறு, எது சும்மான்னு பாத்துட்டீங்களா?" என்றார்.

"இல்ல. ரெண்டுலயும் இன்னைக்கு என் கையெழுத்துதான். எண்ணினாத்தான் தெரியும்."

"எண்ணலியா?"

"ஒண்ணை நான் எண்ணணும், ஒண்ணை நீங்க எண்ணணும். அதானே சட்டம்."

மிக்ஸி திரும்ப ஓடியது. யாரோ அவரை உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். "வரேன் மேடம்" என்று சொல்லிவிட்டு ஞானதுரை போனை வைத்தார்.

உலகம்மாள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். வரேன். போகிறவர்கள் சொல்வதும் அதுதான், வருகிறவர்கள் சொல்வதும் அதுதான். இவர் சொன்னது எது? இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது. திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று விரல் போனது, கேட்கவில்லை. இரண்டு சு-க்களையும் தனித்தனி டப்பாவில் போட்டு மூடி, மைக்ரோஸ்கோப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். காலையில் பொன்னுத்தாய் உட்கார்ந்திருந்த ஸ்டூலை இழுத்து வந்து தன்னுடையதற்குப் பக்கத்தில் போட்டு, அதன் மேலிருந்த தூசியைத் துடைத்தாள்.